எண்பத்து மூன்று வாக்கியங்களும் ஒரு ரெக்கார்டரும்

கிருபாகரன் ஒரு பொருள் வாங்குகிற அழகைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஒரு மிக்ஸி வாங்க அவனுக்கு இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் அவன் மனைவி அகல்யா எதிர் வீட்டு நாகம்மாவிடம் போய்த்தான் சட்னி அரைத்துக்கொண்டு வந்தாள். எதை வாங்குவதானாலும் முதலில் ஒரு எக்செல் ஷீட்டைத் திறப்பான். மாடல்கள் இடப்பக்கம் வரிசையாக நிற்கும், குணங்கள் மேலே. அப்புறம் நாற்பது விமர்சனம் படிப்பான், முப்பது வீடியோ பார்ப்பான். வீட்டுக்கு வந்த மிக்ஸியின் கையேட்டை மட்டும் பிரிக்கவே மாட்டான். அதுதான் எல்லாம் தெரியுமே.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அடுத்தவன் செய்ததில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். சொந்த ஊர் கரூர்ப் பக்கம். மேனாம்பேட்டில் ஒரு நாலு மாடி அபார்ட்மென்ட்டில் இரண்டாவது மாடி. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் எழுந்து அம்பத்தூர் ஏரிக்கரைக்குப் போய்ப் பறவைச் சத்தம் பதிவு செய்வான். அன்னனூரில் மின்சார ரயில் வந்து நிற்கிற கிறீச்சையும் விட்டதில்லை. அவற்றை இணையத்தில் ஏற்றுவான், இருநூறு சொச்சம் பேர் கேட்பார்கள். போன டிசம்பரில் மழைச் சத்தத்தை எடுக்கப் போய், அந்த மழையே பழைய ரெக்கார்டருக்குள் இறங்கிவிட்டது. ஜனவரியிலிருந்து புது ரெக்கார்டருக்கான ஷீட் ஒன்று அவன் லேப்டாப்பில் திறந்தபடியே இருந்தது. "இந்த வீட்ல சத்தத்துக்கா குறைச்சல்?" என்று அகல்யா ஒரே கேள்வி கேட்டாள். அவனிடம் பதில் இல்லை.

பதில் எதிர் வீட்டிலிருந்து வந்தது. அதை நினைத்தால்தான் அவனுக்கு இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

எதிர் வீட்டு அமல்ராஜ் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் முப்பத்தாறு வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே வந்து ஃபிளாட் வாங்கினார். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. மொட்டை மாடியில் அசோசியேஷன் கூட்டம் நடந்தால் மைக் தேவையில்லை. தண்ணி லாரி சந்துக்குள் ரிவர்ஸ் வரும்போது பால்கனியில் நின்று "ஒடி, ஒடி, நேரா வுடு" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் டிரைவர் கண்ணாடியே பார்க்க மாட்டான். அவரும் நாகம்மாவும் காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். காதலித்ததற்கும் சேர்த்துத் தினமும் சண்டை போடுவார்கள். குழம்பில் உப்பு, டிவி சீரியல், ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டது என்று எதற்கும் நடக்கும், மாடி முழுக்கக் கேட்கும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருநாள் சத்தம் வராவிட்டால், ஊருக்குப் போய்விட்டார்களா என்று அகல்யா எட்டிப் பார்ப்பாள்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி மூச்சு கழுத்தில் ஒரு துளை வழியாக, பேச்சு இல்லை. ஆபரேஷன் அடுத்த மாதம் இருபதாம் தேதி என்று குறித்துக் கொடுத்தார்கள்.

வேப்பம்பட்டில் வாக்கப்பட்டிருந்த மகள் கனிமொழி, ரயிலில் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்து போகிறவள், மாடிப்படியில் கிருபாகரனைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதிக் காட்டட்டும்னு டாக்டர் சொல்றாருண்ணா. எங்கம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே. அதான் அப்பா தினம் பேசறதையெல்லாம் ஒவ்வொரு வாக்கியமா இப்பவே எடுத்து வச்சுக்கலாம்னு. ஒரு டச் ஸ்கிரீன் டேப்ல போட்டு, படத்தைத் தொட்டா அப்பா குரல் வர மாதிரி பண்ணிடலாம். என் போன்லயே எடுத்துடவா?"

"போன்லயா?" என்றான் கிருபாகரன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பெண் ஏதோ கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"இனிமே ஆயுசுக்கும் உங்கப்பா குரல் இதுதாம்மா. போன்ல எடுத்தா டப்பாக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கும். அவசரப்படாத. நல்ல ரெக்கார்டரா பார்த்து வாங்கி நானே எடுத்துத் தரேன்."

கனிமொழிக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று ராத்திரி சாப்பிடும்போது அவன் அகல்யாவிடம், "அமல்ராஜ் அண்ணனுக்காக ஒரு ரெக்கார்டர் வாங்கணும்," என்றான். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. அவனுக்கு மனசுக்குள் ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது. இன்னொருத்தர் நோயைக் காட்டித் தன் ஆசைக்கு அனுமதி வாங்கிக்கொண்டவனுக்கு என்ன பெயர் என்று அப்போது அவன் யோசிக்கவில்லை.

தேர்வு தொடங்கியது. இருபத்துநாலு பிட் போதுமா, முப்பத்திரண்டு வேண்டுமா? தொண்ணூற்றாறு கிலோஹெர்ட்ஸா, அதற்கு இரண்டு மடங்கா? ஒன்றில் மைக் தங்கம், ஆனால் உடம்பு பிளாஸ்டிக், கையில் பிடித்தால் அந்த நெருடலும் பதிவில் ஏறும். இன்னொன்றில் வெளி மைக் செருக நல்ல சாக்கெட் உண்டு, பேட்டரி இரண்டு மணி நேரத்தில் படுத்துவிடும். மூன்றாவதில் ஒன்றும் குறையில்லை, ஆனால் அமைதியான அறையில் மெல்லிய 'உஸ்' ஒன்று அடியில் ஓடுகிறது என்று எவனோ எழுதியிருந்தான். அந்த 'உஸ்'ஸைக் கேட்பதற்காகக் கிருபாகரன் ஒரே மாதிரிப் பதிவைப் பதினேழு தடவை கேட்டான். கேட்கவில்லை. கேட்காததே அவனுக்குக் கவலையாக இருந்தது.

இணையத்தில் ஒரு குழுவில் கேள்வி போட்டான்: மனிதக் குரல், சின்ன அறை, டைல்ஸ் தரை, ஒரே ஒரு முறைதான் வாய்ப்பு, எதை வாங்கலாம்? ஒன்பது பேர் ஒன்பது மாடல் சொன்னார்கள். பத்தாவது ஆள், "ஒரே வாய்ப்பு என்றால் கையில் இருப்பதை வைத்து இன்றைக்கே எடுங்கள்," என்று எழுதியிருந்தான். கிருபாகரன் மற்ற ஒன்பது பேருக்கும் நன்றி சொன்னான்.

கனிமொழி வாரம் ஒரு தடவை கேட்டாள். "ஒரு புது மாடல் வருதும்மா. ரெண்டே நாள்," என்றான். இதற்குள் எதிர் வீட்டுக் குரல் தேய ஆரம்பித்திருந்தது. ஒரு காலையில் தண்ணி லாரி ரிவர்ஸ் வந்தது. அமல்ராஜ் பால்கனியில் நின்று கையை ஆட்டி என்னவோ சொன்னார். டிரைவருக்குக் கேட்கவில்லை, லாரி காம்பவுண்டுச் சுவரில் இடித்தது. கிருபாகரன் தன் பால்கனியிலிருந்து இதைப் பார்த்தான். அன்றைக்கே எடுத்திருக்க வேண்டும். அவன் உள்ளே போய் ஷீட்டில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தான்: கரகரத்த குரலுக்கு ஏற்றது.

இருபதாம் தேதிக்கு முன்பாகவே ஒரு திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வேறொரு நோயாளி வரவில்லை, இடம் இருக்கிறது, வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்து சேருங்கள், பதினோரு மணிக்கு ஆபரேஷன். கனிமொழி அழுதுகொண்டே கிருபாகரனைக் கூப்பிட்டாள். ஐந்து மாதமாக முடிவெடுக்காதவன் ஐந்து நிமிஷத்தில் ஆர்டர் போட்டான். முப்பத்திரண்டு பிட் மாடல். கத்தினாலும் கிசுகிசுத்தாலும் ஒன்றும் திருகி வைக்க வேண்டியதில்லை, எல்லாம் பதிவாகும், அப்புறம் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். மனிதன் செய்கிற எல்லாத் தப்பையும் இந்த மெஷின் மன்னித்துவிடும் என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு டெலிவரி. அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தான். பேட்டரியையும் கார்டையும் போட்டு ஆன் செய்தான், திரை மின்னியது. கையேடு பெட்டிக்குள்ளேயே இருந்தது. நாலு மணிக்கு எதிர் வீட்டுக்குப் போனான்.

"ரெண்டு நாளா வாயே தொறக்கல தம்பி," என்றாள் நாகம்மா. "தண்ணி வேணும்னாக்கூட கையாலதான் காட்றாரு. உனுக்காக சேத்து வச்சிகினு கீறாரு."

அமல்ராஜ் சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கனிமொழி எழுதிக் கொடுத்த நோட்டு. எண் போட்ட எண்பத்து மூன்று வாக்கியங்கள். கிருபாகரன் வேலையை ஆரம்பித்தான். ஃபேனை நிறுத்தினான், ஃபிரிட்ஜைப் பிடுங்கினான், ஜன்னலைச் சாத்தினான். வேர்த்துக் கொட்டியது. கனிமொழி தன் போனை மேசைமேல் வைத்து, "இதுவும் ஒரு பக்கம் ஓடட்டும்ணா," என்றாள்.

"வேணாம்மா. சிக்னல் வந்தா டிக் டிக்னு இதுல ஏறிடும். ஆஃப் பண்ணிடு. அக்கா, உங்க போனும்."

அவர்கள் அணைத்தார்கள். நாகம்மா நகர்ந்தபோது கண்ணாடி வளையல் சலசலத்தது. கழற்றப் பார்த்தாள், கழலவில்லை. "பரவால்லக்கா, நீங்களும் கனியும் ரூம்ல இருங்க. கதவைச் சாத்திக்குங்க," என்றான். ஒரு மனுஷன் தன் பெண்டாட்டிக்காகப் பேசப் போகிற இடத்திலிருந்து அந்தப் பெண்டாட்டியை வெளியே அனுப்பினான். அவளும் சொன்னபடி போனாள். படித்த பிள்ளை சொல்கிறதே.

மெஷினைச் சின்ன ஸ்டாண்டில் பொருத்தி, முகத்தை அமல்ராஜ் பக்கம் திருப்பி வைத்தான். சிவப்புப் பொத்தானை அழுத்தினான். ஹெட்ஃபோனை மாட்டினான். அடேயப்பா, அந்தச் சத்தம்! அமல்ராஜின் மூச்சு, சட்டைக் கஞ்சியின் முறுமுறுப்பு, நோட்டின் தாள், எல்லாம் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. வீடியோக்களில் பெரிய ஆட்கள் செய்வது போல அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நைனா," என்றார் அமல்ராஜ். "இது கண்ணடிச்சிகினே கீதே?"

கிருபாகரன் கண்ணைத் திறக்காமலே உதட்டில் விரல் வைத்தான். "அது அப்படித்தான்ணே. அதைப் பார்க்காதீங்க. லிஸ்ட்டைப் படிங்க."

அவர் படித்தார். "நாகு, ரெண்டு காபி." "கதவு தாப்பா போட்டியா?" "மாத்திரை துன்னியா?" "எங்க போய்ட்ட இம்மா நேரம்?" "உப்பு கம்மி." "முதுகு அரிக்குது." "கனி போன் பண்ணுச்சா?" ஒவ்வொன்றையும் அவர் படித்ததாகவே தோன்றவில்லை, அந்தந்த நேரத்தில் சொல்வது போலவே சொன்னார். ஐம்பதுக்கு மேல் குரல் கிழிய ஆரம்பித்தது. தண்ணீர் குடிப்பார், கண்ணில் நீர் வரும், துடைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போவார். எண்பத்து மூன்றாவது "கோச்சுக்காத நாகு." அதை முடித்து நோட்டை மூடினார். நிறுத்தலாமா என்று கிருபாகரன் கண்ணைத் திறந்தபோது, அவர் இரு என்று கை காட்டிவிட்டு, மெஷின் பக்கம் குனிந்து, லிஸ்ட்டில் இல்லாத ஒன்றைச் சொன்னார். நாலு வரி. அதற்கு மேல் அவரிடம் குரல் இல்லை. ரொம்பத் தாழ்வாகத்தான் சொன்னார், மூடிய கதவுக்குப் பின்னால் கேட்டிருக்காது.

கிருபாகரன் மனசில் முதலில் வந்தது அந்த வார்த்தைகள் இல்லை. இவ்வளவு தாழ்வாகப் பேசியும் அடியில் 'உஸ்' இல்லையே என்பதுதான் வந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து கார்டை லேப்டாப்பில் செருகினான். அதில் ஒன்றுமில்லை. கார்டை எடுத்து, துடைத்து, மறுபடி செருகினான். ஒன்றுமில்லை. அப்போதுதான் பெட்டிக்குள் கையை விட்டுக் கையேட்டை எடுத்தான். பதினோராம் பக்கம்: பொத்தானை ஒரு முறை அழுத்தினால் மெஷின் தயார் நிலைக்கு வரும், ஹெட்ஃபோனில் கேட்கலாம், விளக்கு விட்டு விட்டு எரியும். மறுமுறை அழுத்தினால் பதிவு தொடங்கும், விளக்கு நிலையாக எரியும். மணி ஆறே கால்.

அழிந்த கோப்புகளை மீட்கிற மென்பொருள் ஒன்றை இறக்கி ஓடவிட்டான். எழுதப்படாத கார்டில் மீட்க எதுவும் இருக்காது என்று டெஸ்டிங் செய்கிறவனுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

ஏழரைக்கு எழுந்து எதிர்க் கதவுக்குப் போனான். உள்ளே விளக்கு எரிந்தது. இருமல் சத்தம் கேட்டது. பெல் மேல் விரலை வைத்தான். அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு மறுபடி எண்பத்து மூன்றா, பாவம் இல்லையா என்று நினைத்தான். பாவம் என்பது சும்மா, அது அவனுக்கே தெரிந்தது. எண்பத்து மூன்று வேண்டாம். அவர் 'நாகு' என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும், கனிமொழியின் போனில் எடுத்தால் போதும், அரை நிமிஷம் போதும். அதற்கு அவன் செய்ய வேண்டியது கதவைத் தட்டி, அண்ணே, நீங்கள் விளக்கு கண்ணடிக்கிறது என்று சொன்னது சரி, நான்தான் முட்டாள் என்று சொல்வது மட்டும்தான். அந்த ஒரு வாக்கியம் அவன் வாயில் வரவில்லை. விரலை எடுத்தான். திரும்பும்போது சத்தம் வரக் கூடாதென்று செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

விடியற்காலை ஐந்தரைக்கு ஆட்டோ வந்தது. கிருபாகரன் தன் கதவுக்குப் பின்னால் நின்று, அதில் பதித்திருந்த குட்டி லென்ஸ் வழியாகப் பார்த்தான். நாகம்மா பையைத் தூக்கினாள். அமல்ராஜ் கதவைப் பூட்டினார். பூட்டிவிட்டுத் திரும்பி, இவன் கதவை, அந்த லென்ஸ் இருக்கிற இடத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார். வெளியிலிருந்து உள்ளே தெரியாது. இருந்தாலும் கிருபாகரன் ஓரமாக ஒதுங்கிக்கொண்டான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு வாரம் கழித்து அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கனிமொழி டேப் வாங்கி, எண்பத்து மூன்று வாக்கியத்துக்கும் எண்பத்து மூன்று படம் வரைந்து ஏற்றி வைத்திருந்தாள். காபி டம்ளர், தாழ்ப்பாள், மாத்திரை, முதுகு. சத்தம் மட்டும்தான் பாக்கி. "கொஞ்சம் இரைச்சலைச் சுத்தம் பண்ணிட்டிருக்கேம்மா," என்றான் கிருபாகரன். "பொறுமையா பண்ணுங்கண்ணா, நீங்க பண்ணா நல்லாத்தான் இருக்கும்," என்றாள் அவள். இந்த மாதிரி நாலு தடவை.

எதிர் வீட்டில் சத்தம் நின்றுபோனது. அவருக்குத்தான் குரல் இல்லை, நாகம்மாவும் பேசவில்லை. ஊருக்குப் போய்விட்டார்களா என்று அகல்யா எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, நாகம்மாவே வந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு வெள்ளை சிலேட்டு. மார்க்கரில் அவர் எழுதியது அழியாமலிருக்க இரண்டு கையாலும் தட்டு போல ஏந்திக்கொண்டு வருவாள். "இன்னா கேக்கறாருன்னு பாரும்மா." அகல்யா படித்துச் சொல்வாள். நாகம்மா திரும்பிப் போவாள். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை. அகல்யா வேலைக்குப் போய்விட்டால் கீழே வாட்ச்மேனிடம். அவள் இரண்டு மாடி ஏறித் திரும்பிப் போவதற்குள் அவர் தூங்கியிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தது கிருபாகரன். நாகம்மா சிலேட்டை நீட்டினாள்.

"முதுகு அரிக்குதாம்க்கா," என்றான்.

"அவ்ளோதானா?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அவன் அப்படியே கதவில் சாய்ந்து நின்றான். பிறகு உள்ளே போய் அகல்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்றாள் அவள்.

"அன்னிக்கே."

"அன்னிக்கேன்னா?"

"சாயங்காலம். ஆறே காலுக்கு."

அகல்யா அவனைப் பார்த்தாள். "அவங்க மறுநாள் காலையிலதானே போனாங்க?"

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. "போய்ச் சொல்லு. நான் வர மாட்டேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

அமல்ராஜ் ஹாலில் கட்டிலில் சாய்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி மெல்லிய துணி, மூச்சு விடும்போது அது அசைந்தது. நாகம்மா தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கிருபாகரன் நின்றபடியே சொன்னான்.

"அண்ணே, அன்னிக்கு எதுவுமே பதிவாகல. ரெண்டு தடவை அழுத்தணும். நான் ஒரு தடவைதான் அழுத்தினேன். லைட்டு கண்ணடிக்குதுன்னு நீங்க சொன்னீங்க. நான்தான் கேக்கல."

அமல்ராஜ் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாகம்மாவின் கை கீரைக்கட்டில் நின்றது.

"ஒன்னுகூடவா இல்ல?"

"இல்லக்கா."

"எம்பேர சொல்லிக் கூப்ட்டாரே, அதாச்சும்?"

"அதுவும் இல்லக்கா."

அமல்ராஜ் சிலேட்டை எடுத்தார். மார்க்கர் கிறீச்சிட்டது. எழுதி இவன் பக்கம் திருப்பினார். கிருபாகரன் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னா எழுதிகீறாரு?" என்றாள் நாகம்மா.

"'தெரியும்'னு எழுதியிருக்கார்."

"ஒரு வார்த்தைக்கா இம்மா நேரம் எழுதினாரு? நாலு வரி கீது. படி தம்பி."

படிக்கத் தெரியாதவளுக்கு வரி எண்ணத் தெரியும். தப்பிக்க வழியில்லை. அவன் படித்தான்.

"'தெரியும். அன்னிக்கி ஏழரைக்கு கதவாண்ட வந்து நின்ன. பெல்லு மேல கை வச்ச. நான் லென்ஸ்ல பாத்துகினு இருந்தேன். செருப்ப கழட்டி கைல புடிச்சிகினு போன. அப்போ எனுக்கு கொரல் இருந்துச்சு.'"

நாகம்மா அவனைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, ஏன் என்கிற கேள்விதான் இருந்தது. வெட்கமாக இருந்தது என்று எப்படிச் சொல்வது? வெட்கத்துக்குப் பயந்து செய்த காரியத்தின் வெட்கத்தில் அவன் இப்போது நின்றுகொண்டிருந்தான்.

அமல்ராஜ் துணியால் சிலேட்டைத் துடைத்து மறுபடி எழுதினார். 'கடசியா ஒன்னு சொன்னேன். நீ மட்டும்தான் கேட்ட. அவ கைல சொல்லு.'

அவன் இதை நாகம்மாவுக்குப் படித்துக் காட்டினான். பிறகு, "அக்கா, அண்ணன் என்ன சொன்னார்னா," என்று ஆரம்பித்தான். அமல்ராஜ் மார்க்கரால் சிலேட்டில் தட்டினார். தலையை ஆட்டினார். அப்படி இல்லை. சொன்னபடி சொல்.

கிருபாகரன் தரையைப் பார்த்தான்.

"நாகு," என்றான்.

நாகம்மா பழக்கத்தில் சட்டென்று கட்டில் பக்கம் திரும்பினாள். அங்கே வாய் அசையாமல் இருந்தது. மெல்ல இவன் பக்கம் திரும்பினாள். முப்பத்தைந்து வருஷமாக ஒரே ஆள் கூப்பிட்ட பெயர். அந்நியன் வாயில் அது வந்தது அவளுக்கு எப்படி இருந்தது என்று முகத்தில் தெரிந்தது. அவன் நிமிர்ந்து பார்க்காமல் மீதியைச் சொன்னான்.

"இனிமே நீ திட்னா நான் திருப்பித் திட்ட முடியாது. பாவம்னு நென்ச்சிகினு நீயும் வாய மூடிகினு பூடாத. உன் சத்தம் இல்லனா இந்த ஊட்ல எனுக்கு இன்னாடி வேல?"

ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. அந்த மெஷின் விட்டதை அவன் விடவில்லை. அதனால் யாருக்கு என்ன?

நாகம்மா மடியிலிருந்த கீரையை உதறிவிட்டு எழுந்தாள். கட்டிலுக்கு எதிரே போய் நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்த மாடியில் ஒரு மாதமாகக் கேட்காத சத்தம் கேட்டது.

"இவன் கதவாண்ட நிக்கறான்னு பாத்துகினுதானே இருந்த? தொறக்கறதுக்கு இன்னாய்யா கேடு உனுக்கு? தாப்பா உன் கையாண்டதானே கீது? இவன் சின்னப் பையன், பயந்துட்டான். உனுக்கு இன்னா வந்துச்சு? எம்பேர ஒரு தபா சொல்லிட்டுப் போறதுக்கு உனுக்கு வலிச்சுதா?"

எதிரே அகல்யாவின் சமையலறையில் பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றது. அமல்ராஜின் வாய் திறந்தது. சொல்ல வந்தது கழுத்துத் துணியில் காற்றாகப் போனது. அவர் சிலேட்டை இழுத்துக்கொண்டு எழுதினார். இந்தத் தடவை ஒரே வரி. அதைக் கிருபாகரனிடம் நீட்டினார்.

"இன்னாவாம்?" என்றாள் நாகம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே.

அவன் பார்த்தான். இதைப் படிக்காமல் இருக்க என்ன வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றிருந்தது. படித்தான்.

"'அவனே பெல் அடிப்பான்னு நின்னுகினே இருந்தேன்.'"

"காதுல உழல. கத்திப் படி," என்றாள் நாகம்மா.

கிருபாகரன் கத்திப் படித்தான்.